நாற்பத்திநாலு துடிப்பு

பெரியாஸ்பத்திரிக்கு எதிர்த்தாற்போல் ஒரு கஞ்சி மடம். நோயாளிக்குத் துணையாக வந்து, வெளியே வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு அங்கே காலையில் கஞ்சி ஊற்றுவார்கள். நடத்துபவர் காவி கட்டுவதற்கு முன்னால் இதய டாக்டராக இருந்தவர். ஊருக்கு அவர் டாக்டர் சாமி. வயது நாற்பத்தெட்டு.

அவருக்கு ஒரே ஒரு சீடர், பிச்சாண்டி. குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக முப்பது வருஷம் விசில் ஊதி ஓய்ந்த மனுஷர். மந்திரியே ஏறி உட்கார்ந்திருந்தாலும் சரி, நேரமாகாமல் ஒரு வண்டியையும் அவர் நகர விட்டதில்லை.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வரிசை நின்றதும் சாமி முதல் ஆளின் முகத்தைப் பார்த்து "ஆகட்டும்" என்பார். அதற்கப்புறம்தான் கரண்டி அண்டாவுக்குள் இறங்கும். கரண்டி பிச்சாண்டி கையில்.

போன திங்கட்கிழமை சாமி கிணற்றடியில் மயங்கி விழுந்தார். எதிரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இங்கே நூற்றிருபது பேர் தூக்குவாளியோடு நிற்கிறார்கள். பிச்சாண்டி கரண்டியும் கையுமாக நின்றார். பத்து நிமிஷம் ஆயிற்று, இருபது நிமிஷம் ஆயிற்று. "ஆகட்டும்" சொல்ல ஆள் இல்லையே, பாவம், அவர்தான் என்ன செய்வார்?

பூங்காவனம் என்று ஒரு பெண், புருஷனை வார்டில் போட்டுவிட்டு வந்தவள், "ஐயா, கஞ்சி ஆறிப்போவுதே" என்றாள்.

பிச்சாண்டி முதல் ஆளின் முகத்தைப் பார்த்தார். தனக்கே கேட்காத குரலில் "ஆகட்டும்" என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அவருக்கு நிம்மதி போயிற்று. பசித்தவர்களை இருபது நிமிஷம் காக்க வைத்தோமே என்று ஒரு உறுத்தல். சாமியின் வார்த்தையை எடுத்துப் புழங்கிவிட்டோமே என்று இன்னொன்று. வியாழன் வரை எப்படியோ ஓட்டினார். ஒரு நாளும் நேரத்துக்கு ஊற்றவில்லை.

வியாழன் மாலை சாமி, தன் பொறுப்பில் போவதாக ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துவிட்டு மடத்துக்கு வந்தார். ஒரு நாள்தான். சனிக்கிழமை சென்னையில் பேஸ்மேக்கர் வைக்கப் போகிறார்கள். அப்புறம் ஓய்வு, எத்தனை நாளோ.

வெள்ளிக்கிழமை காலையில் பிச்சாண்டி கையில் பையோடு சாமி முன்னால் போய் நின்றார்.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"மக வீட்டுக்கு, சாமி. நீங்க இல்லாம இதை ஓட்ட என்னால ஆகாது. நான் விசில் ஊதினவன். அதையும் கடிகாரம் சொல்லித்தான் ஊதினேன். வேற நல்ல ஆளாப் பாருங்க."

சாமி கையை நீட்டினார்.

"போறதுக்கு முன்னால நாடியைப் பிடிச்சு எண்ணிச் சொல்லிட்டுப் போங்க."

பிச்சாண்டி பையைக் கீழே வைத்தார். வாட்சைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ணினார்.

"நாற்பத்திநாலு." வாட்சை மறுபடி பார்த்தார். "எழுபது இருக்கணும்பீங்களே, சாமி."

"எழுபது அடிச்சவர் மேலே இருக்கிறவர். இதயத்தோட மேல் அறை மூலையில சின்னதா ஒரு முடிச்சு. மின்சாரம் அங்கிருந்துதான் கிளம்பும். இப்ப அவருக்கு முடியல. பாதி நேரம் பேச்சே இல்ல."

"அப்ப இதை யாரு அடிக்கிறது?"

"நடுச்சுவர்ல இன்னொருத்தர் இருக்கார். அவருக்கும் உங்க உத்தியோகந்தான். மேலேருந்து வர்ற உத்தரவை ஒரு கணம் நிறுத்தி வச்சு, அப்புறம் கீழே அனுப்புவார்."

"எதுக்கு நிறுத்தணும்?"

"மேல் அறை ரத்தம் கீழ் அறைக்கு இறங்கி முடிக்கணும்ல. ஜனம் ஏறி முடிக்காம நீங்க விசில் ஊதுவீங்களா?"

"ஊதமாட்டேன்."

"அவரும் ஊதமாட்டார். நான் பொறந்ததுலேருந்து அவருக்கு அதே வேலை."

"தானா அடிக்கவும் அவருக்குத் தெரியுமா, சாமி?"

"எப்பவும் தெரியும். மேலே இருக்கிறவர் வேகக்காரர், முந்திக்குவார். அதனால இவருக்கு முறையே வரல."

பிச்சாண்டி நாடியிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"திங்கட்கிழமை மேலே இருக்கிறவர் நின்னுட்டார்," என்றார் சாமி. "இவர் உடனே எடுத்துக்கல. உத்தரவு வரும் வரும்னு பார்த்திருக்கார். அந்த நேரந்தான் நான் தரையில கிடந்தது. அப்புறம் எடுத்துக்கிட்டார்."

"லேட்டா எடுத்தாரேன்னு உங்களுக்கு அவர்மேல வருத்தம் இல்லையா?"

"வருத்தமா? நாலு நாளா அவர் புண்ணியத்துலதானே உட்கார்ந்து பேசிட்டிருக்கேன்."

பிச்சாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெளியே வாளிச் சத்தம் கேட்டது. ஜனம் சேர்ந்துவிட்டது. கை சும்மா இருக்குமா, போய்க் கரண்டியை எடுத்தது. பை அங்கேயே கிடந்தது.

அண்டா பக்கத்தில் சாமி எப்போதும் நிற்கிற இடத்தைப் பார்த்தார். ஆள் இல்லை.

சாமி ஒரு தூக்குவாளியோடு மெல்ல நடந்து போய், வரிசைக் கடைசியில் பூங்காவனத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். வரிசை மொத்தமும் அவரைத் திரும்பிப் பார்த்தது. பிச்சாண்டியும் பார்த்தார்.

"சாமி, நீங்க ஒரு வார்த்தை..."

"என்னை ஏன் பாக்கறீங்க, டைம் கீப்பரே? எனக்குப் பசிக்குது."