அசையாத சாய்மானம்

ஓலைக்குளத்தில் யோசிக்காமல் எதையும் செய்யாத மூன்று பேர் உண்டு. தவசிக்கனி, சுடலைமுத்து, அருளப்பன். ஊரில் நடந்த சேதங்களில் பாதிக்கு மேல் அவர்கள் யோசித்ததால் வந்தவை.

தவசிக்கனியிடம் நெடும்பயணத்துக்கென்றே செய்த பெரிய பைக் இருந்தது. இருபது கிலோமீட்டர் போனால் அவன் முதுகு பிடித்துக்கொள்ளும். இறங்கி ரோட்டோரம் குப்புறப் படுத்துவிடுவான். இதுவரை அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை உடன்குடியில் அவன் தங்கை செல்வக்கனியின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். அந்தப் பிள்ளைக்கு ஒரே தாய்மாமன் தவசிக்கனி. முகூர்த்தம் பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள். தூரம் நூற்று நாற்பது கிலோமீட்டர்.

"ஏழு தடவ படுக்கணும்லா," என்றான் அருளப்பன். "ஏழாவது தடவ தங்கச்சி வீட்டு வாசல்ல."

"பஸ்ஸுல போனா என்ன?" என்று கேட்டாள் தவசிக்கனியின் மனைவி லிங்கம்மாள்.

"மாமா பைக்குல வரணும்னு மருமக சொல்லியிருக்கா. மூணு வயசுப் பிள்ளைய ஏமாத்தச் சொல்லுதியா?"

வெல்டிங் பட்டறை யோவான் அண்ணாச்சி வழி சொன்னார். "முதுகுக்கு ஒரு சாய்மானம் செஞ்சு போடுங்கலே. முதுகை அளந்து செய்யுங்க. ஒரு நூல்கூட அசையக் கூடாது. சென்டர் ஸ்டாண்ட் போட்டு ஓட்டிப் பாருங்க, வலி இல்லைன்னா அப்படியே போகலாம்."

மூவரும் அதை மனப்பாடம் செய்துகொண்டு வந்தார்கள்.

தவசிக்கனி சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றான். சுடலைமுத்து டேப்பை எடுத்தவன் அப்படியே நிறுத்தினான். "வலிக்கிற முதுக அளந்து செஞ்சா சாய்மானத்துலயும் அந்த வலி வரும்லா?"

ஒருநாள்கூட வலிக்காத அருளப்பன் முதுகை அளந்தார்கள். அருளப்பன் ஒரு முழம் குட்டை.

உடைந்த கட்டில் பலகையை அறுத்து, தேங்காய் நார் திணித்து, மேலே ரெக்சின் வைத்துத் தைத்தார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும், பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதைக் கயிற்றால் சீட்டில் கட்டி, தவசிக்கனி சாய்ந்தான். சாய்மானமும் அவனும் சேர்ந்து மல்லாந்தார்கள்.

"அசையுது," என்றான் தவசிக்கனி, தரையிலிருந்தபடியே.

"சீட்டுல கட்டுனா அசையத்தான் செய்யும். சீட்டு வண்டியில இருக்கு. வண்டியே அசையிற சாமான்," என்றான் சுடலைமுத்து.

"அப்போ அசையாத சாமான் எது?"

மூவரும் சுற்றிலும் பார்த்தார்கள். முருங்கை மரம் காற்றில் ஆடியது. ஆடு நடந்தது. வீட்டுச் சுவர் மட்டும் சும்மா நின்றது.

சுவரில் துளை போட்டு, இரண்டு இரும்புக் குழாய்களை நீட்டி, நுனியில் சாய்மானத்தை முடுக்கினார்கள். வண்டியைக் கொண்டுவந்து அதன் முன்னால் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினார்கள். தவசிக்கனி சாய்ந்தான். ஒரு நூல்கூட அசையவில்லை. அவன் கண்ணில் நீர் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். பின்சக்கரம் காற்றில் சுழன்றது. மீட்டர் பின்சக்கரத்தை நம்பி ஓடுகிற மீட்டர். சுடலைமுத்து குழாய்களுக்கு நடுவே உட்கார்ந்து தவசிக்கனியின் தோள்வழியே அதைப் பார்த்துக்கொண்டான். "நூத்தி நாப்பதுல நிறுத்திரணும்லே. தாண்டினா கடல்."

அருளப்பனுக்கு இடமில்லை. பக்கத்தில் நின்றபடியே கூட வந்தான். அறுபதில் போகிற வண்டிக்கு ஈடுகொடுக்கிறோமே என்று அவனுக்குத் தன் கால்களைப் பற்றிப் பெருமை.

ஏழு மணிக்குத் தங்கை போன் செய்தாள். "அண்ணே, எங்க வாறிய?"

"அறுபது கிலோமீட்டர் தாண்டியாச்சு. வலியே இல்லட்டி."

"பக்கத்துல என்ன ஊரு தெரியுது?"

"ஊரு தெரியல. ஒரு முருங்க மரம் தெரியுது. நம்ம வீட்டு மரம் மாதிரியே இருக்கு. ரொம்ப நேரமா கூடவே வருது."

செல்வக்கனி அவனுக்கு முப்பது வருடமாகத் தங்கை. வேன் பிடித்து, பிள்ளையையும் காது குத்துகிற பத்தரையும் தேங்காய் பழத்தட்டையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள்.

எட்டரைக்கு மீட்டர் நூற்று நாற்பதைத் தொட்டது. இறங்கிப் பார்த்தால் லிங்கம்மாள் காபியோடு நிற்கிறாள்.

"நீ எப்படி வந்த?" என்றான் தவசிக்கனி.

"பஸ்ஸுல வந்திருப்பாவ," என்றான் அருளப்பன்.

லிங்கம்மாள் மறுக்கவில்லை. காபி ஆறிக்கொண்டிருந்தது.

பத்தே முக்காலுக்கு வேன் வந்து நின்றது. தவசிக்கனிக்குக் கோபம். "விசேஷத்தை வச்சுக்கிட்டு எங்கட்டி போன? நாங்க எட்டரையிலிருந்து காத்துக் கிடக்கோம்."

"கோயிலுக்குப் போயிருந்தேன்ணே."

பைக்கில் சாய்ந்த தாய்மாமன் மடியில், மாமா பைக்கிலேயே வந்த திருப்தியோடு பிள்ளை உட்கார்ந்தது. பத்தர் குத்தினார். பிள்ளை கை காலை உதைத்தது. சாய்மானம் அசையவில்லை. பிள்ளைகூட உடனே அழுகையை நிறுத்திவிட்டது, சுடலைமுத்துதான் நிறுத்தவில்லை.

வேன் போனதும் தவசிக்கனி அவசரப்பட்டான். "இருட்டுறதுக்குள்ள ஊரு போய்ச் சேரணும். லிங்கம், நீ பஸ்ஸுல முந்திப் போயி சோத்தை வடி."

அவள் சரி என்று அடுப்படிக்குள் போனாள். இவர்கள் மறுபடி நூற்று நாற்பது கிலோமீட்டர் ஓட்டி இறங்கியபோது சோறும் குழம்பும் தயாராக இருந்தன.

சாப்பிடும்போது தவசிக்கனி தணிந்த குரலில் சொன்னான். "பாவம்லே. ஒரே நாள்ல ரெண்டு தடவ பஸ்ஸுல அலைஞ்சிருக்கா. அவ முதுகு என்னத்துக்கு ஆகும்?"

மறுநாள் அதே சுவரில் இரண்டாவது சாய்மானம் ஏறியது. லிங்கம்மாள் கீழே மணையைப் போட்டு, சுகமாகச் சாய்ந்து, முருங்கைக்கீரை உருவ ஆரம்பித்தாள்.

அருளப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"மதினி, மெதுவாப் போங்க," என்றான். "நேத்து ஓடுன ஓட்டத்துல எனக்குக் காலு வலிக்கி."