வெளுத்த மேஜையும் மூன்று யோசனைகளும்

நாகப்பட்டினத்து ஏலக்கடை ஒன்றிலிருந்து ஞானப்பிரகாசம் ஒரு பழைய வட்ட மேஜையை வாங்கிவந்தார். காலில் பூவேலை, மேலெல்லாம் கறுப்புப் பெயின்ட். உள்ளே இருப்பது ஈட்டி மரம் என்று அவர் சத்தியமே செய்தார்.

"எந்த மரமா இருந்தா என்ன? கிறிஸ்துமஸுக்குள்ள அதுல என் முகம் தெரியணும். தெரிஞ்சா நடுக்கூடத்துல போட்டுக் குடிலை அதுமேல வைப்போம். இல்லேன்னா அதிரசம் சுட விறகாச்சு" என்றாள் மனைவி அற்புதம். சொன்னால் செய்துவிடுகிறவள். இதுவரை அவர் சீர்செய்த எந்தச் சாமானும் கூடத்துக்குள் வந்ததில்லை.

வெயில் அடித்த நாள்களில் ஞானப்பிரகாசம் பெயின்டைச் சுரண்டினார், உப்புத்தாளால் தேய்த்தார். கருஞ்சிவப்பாக ஈட்டி மரம் வெளிப்பட்டது! அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணியில் தொட்டுத் தொட்டுப் பூசினார். ஸ்பிரிட் சட்டென்று பறந்துவிடும். அரக்கு மட்டும் கண்ணாடிபோல் மரத்தில் தங்கும். கால்கள் முடிந்தன. மேல்பலகைக்குக் கடைசிப் பூச்சு ஒன்றுதான் பாக்கி.

அன்று பார்த்து அடைமழை. பண்டிகையோ நெருங்கிவிட்டது. காற்றுப் பட்டால் சீக்கிரம் காயுமே என்று ஜன்னல்களையெல்லாம் திறந்துவைத்து, அதே டப்பாவிலிருந்து எடுத்துப் பூசினார்.

சற்று நேரத்தில் பலகை முழுவதும் பால் படர்ந்ததுபோல் வெளுத்துவிட்டது. கால்கள் மட்டும் பளபளவென்று நின்றன. அவருக்கு அழுகையே வந்தது.

அற்புதத்தின் தம்பி சவரிமுத்து வந்து பார்த்தான். "மரத்துக்கே சீக்கு மச்சான். எல்லாத்தையும் அடியோட தேய்ச்சு எடுத்துட்டு முதல்லேருந்து ஆரம்பிங்க."

"அதுக்கு நேரம் ஏதுடா? இன்னொரு பூச்சு கனமாப் போட்டா வெள்ளை அமுங்கிடும்" என்றார் ஞானப்பிரகாசம்.

அற்புதம் பலகையை விரலால் தடவினாள். "தேய்க்கவும் வேணாம், பூசவும் வேணாம். வெயில் வரட்டும். வெறும் ஸ்பிரிட்டைத் துணியில லேசாத் தொட்டு, மேலாக ஒரு இழுப்பு இழுங்க."

"பந்தயம் கட்டின அக்காவே வழி சொல்லுது! நம்பாதீங்க மச்சான்."

"என் விறகு போனாப் போகுதுடா. இவர் மூஞ்சியைப் பார்க்கச் சகிக்கலை!"

கொஞ்சம் நின்று யோசியுங்கள். காலுக்கும் பலகைக்கும் மரம் ஒன்று, டப்பாவும் ஒன்று. அப்படியானால் மூவரில் யார் சொன்னது சரி? ஏன்?

விடை: அற்புதம் சொன்னதே சரி. மரத்திலோ பாலிஷிலோ குற்றம் இருந்தால் கால்களும் வெளுத்திருக்கும். மாறியது வானிலை மட்டுமே. ஸ்பிரிட் பறக்கும்போது பூச்சு குளிர்ந்துபோகும். திறந்த ஜன்னல் வழியே வந்த மழைக்காற்றின் ஈரம் அதில் மாட்டிக்கொண்டது. இன்னொரு பூச்சு அந்த ஈரத்தைப் பூட்டித்தான் வைக்கும். அடியோடு தேய்த்தால் நல்ல பூச்சுகளும் வீண். ஸ்பிரிட் பட்டாலோ மேல் அரக்கு மட்டும் இளகி, ஈரத்தை விட்டுவிடும். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் வெயில் எட்டிப் பார்த்தது. ஞானப்பிரகாசம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தார். வெள்ளை விலகிச் சிவப்பு மின்னியது! அற்புதம் குனிந்தாள். மேஜையிலேயே பார்த்து நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, "தம்பி, இந்தப் பக்கம் பிடி. கூடத்துக்குத் தூக்கு" என்றாள்.