முப்பதுக்கு எதற்குப் பெயர்

“முப்பதுன்னா முப்பதுதானுங்க மேடம். அதுக்கு எதுக்குங்க தனியா ஒரு பேரு?”

கேட்டவர் இருதயராஜ். இருபது வருஷம் மோட்டார் பட்டறையில் கை கறுக்க வேலை பார்த்துவிட்டு, நாற்பத்தேழு வயதில் புரோகிராம் எழுத வந்தவர். குரு நசீராவுக்கு வயது முப்பத்திரண்டு. அதில் இருதயராஜுக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் இந்தப் பெயர் வைக்கும் விஷயத்தில்தான்.

நோயாளியின் நரம்பில் மருந்து ஏற்றும் எந்திரத்துக்கான புரோகிராம் அது. எந்த எண்ணானாலும் புரோகிராமின் மேலே அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டு, கீழே பெயரை மட்டும் எழுதுங்கள் என்று நசீரா மூன்று முறை சொல்லிவிட்டார். இருதயராஜ் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார்.

அன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார்கள். மருந்தின் உச்ச அளவு மணிக்கு முப்பது மில்லி போதாதாம், அறுபது வேண்டுமாம்.

இருதயராஜ் புரோகிராமில் இருந்த முப்பதையெல்லாம் ஒரே தட்டில் அறுபதாக்கினார். பதினோரு இடம். நசீரா கையெழுத்துப் போட்டால் எந்திரத்தை மதிய வண்டியில் அனுப்பிவிடலாம் என்று பெருமையாகப் போய் நின்றார்.

நசீரா கீழே போய், கம்பெனி நர்ஸிடம் தன் கை நரம்பில் மருந்தேற்றும் ஊசியைக் குத்திக்கொண்டு வந்தார். எந்திரத்தின் குழாயை எடுத்து அதில் மாட்டினார்.

இருதயராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“வெறும் உப்புத் தண்ணிதான் சார். பட்டனை அமுக்குங்க.”

“வேண்டாங்க மேடம்.”

“ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம்னீங்களே.”

ரோஷத்தில் பட்டன்மேல் விரலை வைத்துவிட்டார். அப்போதுதான் குழாயில் கடுகளவு காற்றுக் குமிழி ஒன்றைக் கண்டார். பயமில்லை, காற்று அளவு மீறினால் எந்திரம் தானே நின்றுவிடும். அந்த வரியை எழுதியதே அவர்தான்.

முப்பதைத் தாண்டினால் நிற்கும் என்று எழுதியிருந்தார்.

அந்த முப்பதும் இப்போது அறுபது. குழாய் அடைத்தால் முப்பது விநாடியில் மணி அடிக்க வேண்டும், அதுவும் போயிற்று. மற்றவை எவை? பதறிக்கொண்டு திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அறுபது, அறுபது, அறுபது. எது எதற்கு என்று எழுதிய அவருக்கே தெரியவில்லை.

விரலை எடுத்துக்கொண்டார்.

நசீரா நீட்டிய கையை மடக்கவில்லை.

“ஏன் சார் நிறுத்திட்டீங்க? அறுபதுன்னா அறுபதுதானுங்களே.”