சைக்கிள்களுக்கு வீடு கிடைத்த வரலாறு

மூடிப்போன மில்லின் தொழிலாளர்கள் மூன்று பேர் ஒன்பது வருடம் கொடி பிடித்து, இரண்டாவது மாடியில் ஓர் ஒற்றை அறை வீட்டைப் போராடிப் பெற்றார்கள். அவர்கள் சங்கத்துக்கு மாசிலாமணி தலைவர். பரஞ்சோதி செயலாளர். மிச்சமிருந்த ஏகாம்பரம்தான் உறுப்பினர்கள் அனைவரும். கோஷம் போட்டுப் போட்டு அவருக்கு இருமல் வந்திருந்தது.

ஆளுக்கொரு சைக்கிள். மூன்றும் படிக்கட்டில் நின்றன. குடியிருப்புச் சங்கத்து வசந்தகோகிலா அம்மாள் வந்து சத்தம் போட்டார்.

"இன்னிக்கே எல்லாத்தையும் வீட்டுக்குள்ள வைங்க. இல்லேன்னா லாரியில ஏத்திடுவேன்."

"இடம் பத்தாதேம்மா."

"சும்மா கிடக்கிறதை வெளிய தள்ளுங்கய்யா. இடம் தானா வரும்."

உடனே செயற்குழு கூடியது.

"கட்டில் சும்மா கிடக்குதா?" என்றார் தலைவர்.

"எப்படித் தோழர்? ராத்திரி பூரா நம்மைச் சுமக்குதே" என்றார் பரஞ்சோதி.

"அடுப்பு?"

"ரெண்டு வேளை எரியுது."

"அப்போ இந்த வீட்டுல, மில் மூடினதிலேர்ந்து சும்மா கிடக்கிறது..." என்று இழுத்தார் ஏகாம்பரம்.

தலைவர் தன்னையும் சேர்த்து மூவரையும் விரல்விட்டு எண்ணினார். பிறகு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சைக்கிள்களை உள்ளே நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டு, மூவரும் வெளியேறித் தெருவில் நின்றார்கள். மில் முதலாளிகூட இத்தனை சுத்தமாக ஆட்குறைப்பு செய்ததில்லை.

மதியம் மழை பிடித்தது.

"தோழர், நெஞ்சு அடைக்குது. உள்ள போயிடலாமா?" என்றார் ஏகாம்பரம்.

"போராடாம எது கிடைச்சிருக்கு?" என்று தலைவர் கொடியை விரித்தார்.

"சைக்கிள் ஆக்கிரமிப்பு ஒழிக! வீடு எங்கள் உரிமை!"

ஒரு மணி நேரம் கத்தினார்கள். மாடியிலிருந்து பதில் இல்லை. அதில் அவர்களுக்கு ஆச்சரியமும் இல்லை. எந்த மாடி இவர்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறது?

"பேச்சுவார்த்தைன்னா எதிர்த்தரப்புல ஆள் வேணும். அதுங்களுக்கு வாய் கிடையாது. பரஞ்சோதி, நீங்க மேலே போய் அதுங்க சார்பா பேசுங்க" என்றார் தலைவர்.

பரஞ்சோதி ஏறிப்போய், தலையைத் துவட்டிக்கொண்டு, ஜன்னலில் தோன்றினார்.

"கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. கலைந்து செல்லுங்கள்."

"நம்ம ஆளு என்னா கறாரு, பாத்தீங்களா!" என்று பூரித்தார் ஏகாம்பரம்.

தலைவர் அசரவில்லை. "கண்டன சைக்கிள் பேரணி. இப்பவே. நீங்க போய் மூணு சைக்கிளையும் இறக்குங்க."

ஏகாம்பரம் இருமிக்கொண்டே ஏறிக் கதவைத் தட்டினார். பரஞ்சோதி ஒருக்களித்துத் திறந்தார்.

"அதுங்க வராது தோழர். மழையில நனைஞ்சா துருப்பிடிச்சிடுமாம்."

"நியாயம்தானே" என்று ஒப்புக்கொண்டு, ஏகாம்பரம் நனைவதற்குக் கீழே இறங்கினார்.