ரச வாளி

குருபூஜையன்று காலையில் தேவகுஞ்சரி மடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். உள்ளறைக் கதவு திறந்தது. மகன் வழுதி வந்து நின்றான்.

"நானும் வரேம்மா" என்றான்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்ன சட்டை போட்டுக்கொள்கிறாய் என்று கேட்கப் போனவள், கேட்டால் மனம் மாறிவிடுவானோ என்று வாயை மூடிக்கொண்டாள். அவனாகவே ஒரு நீலச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான். பொத்தான் ஒன்று இடம் மாறியிருந்தது. அதையும் அவள் சொல்லவில்லை.

வழுதி கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது அவன் காதில் குரல்கள் கேட்கத் தொடங்கின. மனச்சிதைவு நோய் என்றார் தஞ்சாவூர் டாக்டர். மாத்திரையில் குரல்கள் தணிந்தன, முழுக்கப் போகவில்லை. அதன்பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவதற்குத் தவிர அவன் வாசல் தாண்டியதில்லை. தகப்பன் இல்லாத வீடு. எல்லாவற்றையும் அம்மாதான் பார்த்துக்கொண்டாள்.

அவளுக்கு ஒரு வழக்கம் வந்திருந்தது. மகன் ஒருநாள் சிரித்துப் பேசிவிட்டால் போதும். அவனுக்கு வேலை கிடைத்து, கல்யாணமாகி, பேரன் பிறந்து, அந்தப் பேரனுக்குக் காது குத்துவதுவரை அன்றைக்கே மனசுக்குள் நடத்தி முடித்துவிடுவாள். மறுநாள் அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டால், எல்லோரையும் பறிகொடுத்தவளைப் போல அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருப்பாள்.

குடமுருட்டி ஆற்றங்கரையில் இருந்த சின்ன மடத்துக்கு அவள் போகத் தொடங்கியது இந்த அல்லாட்டத்தில்தான். மடத்தை நடத்தியவர் ஓர் அம்மையார். வயதில் தேவகுஞ்சரிக்கு இளையவர். காவி கட்டியவர்தான், ஆனால் பாதி நேரம் சமையல்கட்டில் இருப்பார். ஊரே அவரை அம்மை என்றது. அவர் தேவகுஞ்சரியை அக்கா என்றார்.

முதல் நாள் அவள் ஏதாவது மந்திரம் உண்டா, பரிகாரம் உண்டா என்று கேட்டாள். மாத்திரையை வேளை தவறாமல் கொடுங்கள் என்றார் அம்மை. அதுதான் அவள் பெற்ற முதல் உபதேசம்.

போன வாரம் அவள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"என் பையன் விஷயத்துல நான் நம்பிக்கை வைக்கலாமா, கூடாதா? ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க அம்மை. நடுவுல கிடந்து தவிக்க முடியல."

 குருபூஜைக்கு வந்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னார் அம்மை.

இப்போது மகனே கூட வருகிறான். பஸ்ஸில் அவன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். பாலத்தைக் கடக்கும்போது எட்டிப் பார்த்து, ஆற்றில் தண்ணீர் போகிறது என்றான். அவனாக வெளியுலகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி எவ்வளவு காலமாயிற்று! அந்த ஒரு வார்த்தையைக் கண்டக்டரிடம் சொல்ல வேண்டும்போல, முன் சீட்டுக்காரரைத் தட்டிக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்போல அவளுக்கு இருந்தது. மடத்து வாசலில் இறங்கியதும் ஏறக்குறைய ஓடினாள்.

அம்மை வழுதியை ஒரு தடவை பார்த்தார். வாப்பா, பந்தி போடப் போகிறோம், உட்கார் என்றார். நெடுநாள் பழகியவனிடம் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

கூடம் நிறைந்திருந்தது. வழுதி ஒரு பெரியவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். இலை போட்டார்கள். சோறு வந்தது. எல்லோரும் பிசைந்து சாப்பிடத் தொடங்கினார்கள். அவன் கையை மடியில் வைத்தபடி இருந்தான். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. தூணருகே நின்ற தேவகுஞ்சரிக்கு அந்த அசைவு நன்றாகத் தெரியும். வேண்டாம், இங்கே வேண்டாம் என்று மனசுக்குள் மன்றாடினாள்.

"நான் ஒண்ணும் பண்ணல, விடுங்க" என்று அவன் உரக்கச் சொன்னான்.

அவனிடம் யாரும் பேசியிருக்கவில்லை. பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்து, வீட்டுக்குப் போய்விடலாம் வா என்று எழுப்பப் பார்த்தாள். அதற்குள் அம்மை வந்து இலைக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"என்ன சொல்லுதுப்பா?"

"சாப்பாட்டுல என்னமோ கலந்திருக்காம்."

தேவகுஞ்சரிக்கு உடம்பு குன்றிப்போயிற்று. அன்னதானம் போடும் இடத்தில் சொல்லக்கூடிய பேச்சா இது? அம்மை முகம் மாறவில்லை. அது பொய் என்று வாதாடவும் இல்லை.

"யாரு போட்டா சாப்பிடுவ?"

வழுதி யோசித்தான். அம்மை காத்திருந்தார். பின்னால் பரிமாறுகிறவர்களும் காத்திருந்தார்கள்.

"நானே போட்டுக்கிட்டா" என்றான்.

அம்மை எழுந்தார். ரசம் ஊற்றிக்கொண்டு வந்தவரிடமிருந்து வாளியை வாங்கி அவன் கையில் கொடுத்தார்.

அவன் வாளிக்குள் பார்த்தான். கரண்டியால் ஒருமுறை கலக்கினான். தன் இலையில் ஊற்றக் குனிந்தபோது, பக்கத்துப் பெரியவர் உள்ளங்கையைக் குழித்து நீட்டினார்.

"தம்பி, இங்க ஒரு கரண்டி."

வழுதி அந்தக் கையைப் பார்த்தான். பிறகு ஊற்றினான். பெரியவர் உறிஞ்சிக் குடித்துவிட்டு, சோற்றுக்கும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். ஊற்றினான். அடுத்த இலைக்காரர் தானாகவே சோற்றில் குழி பறித்து வைத்திருந்தார். அங்கேயும் ஊற்றினான். அதற்குள் எதிர்ப் பந்தியிலிருந்து, ரசம் இங்கே வரவில்லை என்று குரல் வந்தது.

போனான்.

தேவகுஞ்சரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகன் பந்தி நடுவே நடந்துகொண்டிருந்தான். முதலில் ஒவ்வோர் அடியாக, பிறகு இயல்பாக, பிறகு வேக வேகமாக. ஒரு பெண்மணியிடம் போதுமா என்று கேட்டான். அவனுடைய பழைய குரல் அது. யாரோ ஏதோ சொல்ல, பல் தெரியச் சிரித்தான். நீலச் சட்டையில் ரசம் தெறித்திருந்தது. வாளி காலியானதும் அவனே சமையல்கட்டுக்கு வந்து நிரப்பிக்கொண்டு போனான்.

 தேவகுஞ்சரி உள்ளே ஓடிவந்து, சமையல்கட்டுக்குத் திரும்பியிருந்த அம்மையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் பேசினாள். இனி அவனுக்குக் கவலையில்லை, நாளைக்கே கல்லூரியில் போய்க் கேட்கப் போகிறாள், பாக்கிப் பரீட்சைகளை எழுதிவிடுவான், கோயம்புத்தூரில் அவள் தம்பி இருக்கிறான், வேலைக்குச் சொல்லி வைப்பான், மாத்திரையைக்கூடக் குறைத்துவிடலாம்.

"அத டாக்டர் சொல்லட்டும்" என்றார் அம்மை.

கூடத்தில் வாளி விழும் சத்தம் கேட்டது.

அவள் எட்டிப் பார்த்தபோது தரையெல்லாம் ரசம் ஓடிக்கொண்டிருந்தது. வழுதி இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு நின்றான். யாரும் அவனை ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் விறுவிறுவென்று கொல்லைப்புறமாக வெளியேறி, ஆற்றங்கரை இலுப்பை மரத்தடியில் போய் முழங்காலில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டான். அவனுக்குத் துணையாகக் கொஞ்சம் தள்ளி நிற்கும்படி அம்மை ஓர் ஆளுக்குச் சைகை காட்டினார்.

தேவகுஞ்சரி சமையல்கட்டுப் படியிலேயே சரிந்து உட்கார்ந்தாள்.

"பாத்தீங்களா அம்மை? எல்லாம் போச்சு. அவனுக்கு இனி ஒண்ணுமில்ல. எனக்கும் ஒண்ணுமில்ல."

அம்மை அவள் கையைப் பிடித்து எழுப்பினார். கூடத்து வாசலுக்கு அழைத்துக்கொண்டு போனார். சிந்தியதை ஒருவர் துடைத்துக்கொண்டிருந்தார். பந்தி முடியப்போகிற நேரம். அந்தப் பெரியவர் இலையில் கடைசியாக இருந்த ரசத்தை வழித்துக் கையில் ஏந்திக் குடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்மணி இலையை மடித்துவிட்டிருந்தாள்.

"அவன் ஊத்துனத இவங்க குடிச்சிட்டாங்கக்கா" என்றார் அம்மை. "இனி அத யாரால திரும்ப எடுக்க முடியும்?"

 தேவகுஞ்சரி அந்தப் பந்தியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய் இரண்டு இலையும், ஒரு தூக்கில் சோறும், இன்னொன்றில் ரசமும், ஒரு கரண்டியும் எடுத்துக்கொண்டு, இலுப்பை மரத்தைப் பார்த்து வேகமாக நடந்தாள்.