பிழையில்லாத ஏணி

கிட்ட வந்து உக்காருங்க. அவ்வளவு தூரத்தில் உக்காந்தால் நான் தொண்டை கிழியக் கத்தணும். இன்னும் கொஞ்சம் நகருங்க. ஆங், அப்படி. கையில் இருக்கிற போனை மடியில் கவுத்து வெச்சிருங்க. இது போனைப் பத்தின கதை. அதுக்குக் கேட்டால் சங்கடப்படும்.

தத்திப்பாளையம் என்று ஓர் ஊர். ஊர்க்காரர்கள் யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்காதவர்கள். சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள், குறை என்று பார்த்தால் அது ஒன்றுதான். ‘பால் கேனைக் கீழே வைக்காதே’ என்று சொல்லிவிட்டு வெளியூர் போனால், திரும்பி வரும்வரை தலையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள்.

ஊருக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. பேர் ‘தத்திப்பாளையம் சொந்தங்கள்’. தண்ணி எப்போது வரும், கரண்ட் எப்போது போகும், யார் ஆடு யார் காட்டில் மேய்கிறது, எல்லாம் அதில்தான். அவரவர் கைக்கு வந்தபடி எழுதுவார்கள். மற்றவர்களுக்குப் புரிந்துவிடும். யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. அதுதான் ஊருக்குப் பொறுக்கவில்லை.

மாரியம்மன் நோம்பிக்கு எல்லாரையும் கூப்பிட்டு எழுதிய செய்தி எப்படியோ பக்கத்து ஊர்க்காரர்கள் போனுக்குப் போய்விட்டது. அவர்கள் வரிக்கு வரி சிவப்பு வட்டம் போட்டு, ‘இதைத் தமிழ்லயும் எழுதி அனுப்புங்க’ என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். நோம்பிக்கு வந்து, மறுசோறு வாங்கிச் சாப்பிட்டு, வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் அனுப்பினார்கள் என்பது வேறு விஷயம்.

அடுத்த நாள் பால் சொசைட்டியில் ஊர் கூடியது. பேசியவர் பொன்னுரங்கம். அவர்தான் ஊருக்குப் புத்திசாலி. பஸ் ஏறி வெளியூர் போய், அதே ஊருக்குத் திரும்பி வந்து இறங்கியவர் அங்கே அவர் ஒருத்தர்தான்.

“மானம் போச்சு,” என்றார். “இனிமேல் பிழையோட வர்ற செய்தியை இந்த ஊர்ல ஒருத்தரும் படிக்கக் கூடாது.”

“பிழை இருக்குதா இல்லையான்னு படிச்சாத்தானுங்கண்ணா தெரியும்?” என்றான் மைக்செட் கொழந்தசாமி.

பொன்னுரங்கம் மோவாயைச் சொறிந்தார்.

“படிக்கலாம். பிழை இருந்துச்சுன்னா, படிச்சது படிக்காததா ஆயிரும்.”

“கண்ணு பாத்துருச்சுங்களே?”

“கழுவிட்டாப் போச்சு.”

ஆஹா என்று எல்லாரும் தலையாட்டினார்கள். சொசைட்டிக் குழாய் கண் கழுவ என்று ஒதுக்கப்பட்டது. பிழை பார்க்க ஒரு குழுவும் போட்டார்கள். தலைவர் பொன்னுரங்கம். பாலில் தண்ணி கலந்ததைக் கண்டுபிடிக்கிறவர் எழுத்தில் பிழை கலந்ததைக் கண்டுபிடிக்க மாட்டாரா என்று, சொசைட்டியில் பால் அளக்கிற பாவாயக்காவைச் சேர்த்தார்கள். கொழந்தசாமியிடம் மைக் இருக்கிறது என்பதால் அவனும் ஒருத்தன். மூன்று பேருக்கும் எழுத்து மேல் மரியாதை உண்டு. பழக்கம்தான் கிடையாது.

ஏற்பாடு ரொம்ப நன்றாக நடந்தது. சோளக்காட்டில் மாடு பூந்துவிட்டது என்று ஒருத்தர் எழுதினார். குழு அதைத் தவறு என்று தள்ளியது. அவர் திருத்தி, மறுபடி திருத்தி, கடைசியில் ‘சரி’ வாங்கி ஊரே குச்சியோடு ஓடியபோது, காட்டில் சோளம் இல்லை. மாடு மட்டும் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. காட்டுக்காரர் குழுவுக்கு நன்றி சொல்லி இன்னொரு செய்தி போட்டார். அதுவும் தவறு.

பெரியவர் ஒருத்தர் காலமானார். மகன் அழுதுகொண்டே எழுதின செய்தி குழுவில் நிற்கவில்லை. ஊரில் ஒருத்தரும் எழவு வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

“அவரு செத்தது நெசந்தான், நான் இல்லைங்கல,” என்றார் பாவாயக்கா. “ஆனா செய்தி தப்பு. தப்பான செய்திக்கு மாலை வாங்கிட்டுப் போறது மொறையா?”

பாவம், அந்த மகன் அப்பன் தலைமாட்டில் உட்கார்ந்து திருத்தித் திருத்தி எழுதினான். ‘சரி’ வந்ததும் ஊர் திரண்டு போய் அழுதது. “இப்படி ஒரு செய்தி வருமுன்னா நாமளும் போய்ச் சேரலாம்” என்று பேசிக்கொண்டே திரும்பி வந்தார்கள். பெரியவரைப் பற்றி யாரும் ஒன்றும் பேசவில்லை.

இதிலெல்லாம் நிஜமாக மாட்டிக்கொண்டவன் நாச்சிமுத்து. ஊர் மேல்தொட்டிக்குத் தண்ணி ஏற்றி விடுகிறவன். எட்டாவதோடு படிப்பை விட்டவன். தலையில் நரை எட்டிப் பார்க்கிற வயசில், ஜாதகம் போன இடமெல்லாம் திரும்பி வந்து, கடைசியாக ஓரிடம் அமைகிற மாதிரி இருந்தது. பொண்ணு பேர் சுகந்தி. பனியன் கம்பெனியில் டைலர். நம்பர் வாங்கி, அவளே முதலில் எழுதினாள். ‘சாப்டீங்களா’ என்று.

நாச்சிமுத்து யோசித்தான். ஊர்ச் செய்திக்கே இத்தனை கெடுபிடி. கட்டிக்கப்போகிறவளுக்குப் பிழையோடு எழுதினால் என்ன ஆகும்? போனை எடுத்துக்கொண்டு நேரே குழுவிடம் போனான்.

குழு அதைக் கையில் வாங்கி விவாதித்தது. ‘சாப்பிட்டேன்’ என்று மொட்டையாக எழுதினால் மரியாதையாக இருக்குமா? என்ன சாப்பிட்டாய் என்று சேர்க்க வேண்டாமா? ‘இப்படிக்கு’ எங்கே? நாலைந்து தரம் மாற்றி, ‘சரி’ போட்டு அனுப்பியபோது மறுநாள் மத்தியானம். அவள் கேட்டது முதல் நாள் காலைப் பலகாரத்தை. இப்படியே அவள் எதைக் கேட்டாலும் பதில் பழசாகிப் போய்ச் சேர்ந்தது. சுகந்தியின் அப்பா அவிநாசியப்பன், “பையன் ரொம்பக் கெத்துப் பண்றானாட்ட இருக்குது. நேர்ல போய்ப் பாத்துட்டு, ஆகலைன்னா அன்னைக்கே முடிச்சுக்கலாம்” என்று சொல்லிவிட்டார்.

அவர்கள் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை காலை. வருகிறவர்கள் குடிக்கிற தண்ணி சுத்தமாக இருக்கட்டும் என்று நாச்சிமுத்து தொட்டி கழுவ மேலே ஏறினான். தொட்டிக்கு இரும்பு ஏணி உண்டு. அதன் கீழ்ப்பாதி துருப்பிடித்து எப்போதோ கொட்டிவிட்டது. கீழ்ப்பாதிக்கு ஒரு மூங்கில் ஏணியைச் சாத்தித்தான் ஏறுவான்.

தண்ணியைத் திறந்துவிட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து முடித்து வெளியே வந்து எட்டிப் பார்த்தால், மூங்கில் ஏணியைக் காணோம்.

எடுத்தவன் கொழந்தசாமி. நாச்சிமுத்து வீட்டு விசேஷத்துக்குப் பாட்டுப் போட்டால்தான் மரியாதை என்று, புளியமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்ட ஏணியைக் கொண்டுபோய் அங்கேயே சாத்திவிட்டான். பாட்டு காதைப் பிளந்தது. நாச்சிமுத்து மேலே இருந்து போட்ட கூப்பாடு அவனுக்கே கேட்கவில்லை. வேறு வழி இல்லாமல் குரூப்பில் எழுதினான். ஏணி போய்விட்டது, தொட்டி மேலே மாட்டிக்கொண்டேன், பொண்ணு வீட்டார் வருகிற நேரம், சீக்கிரம் வாருங்கள். இதுதான் விஷயம். அவசரத்தில் எழுதினது எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

‘தவறு’ என்று உடனே பதில் வந்தது.

மேலே இருந்து பார்த்தால் ஊர் மொத்தமும் தெரியும். நாச்சிமுத்து பார்த்தான். வீட்டுக்கு வீடு ஆட்கள் இறங்கி, நேராகச் சொசைட்டிக் குழாய்க்குப் போகிறார்கள். தன் செய்தியை அத்தனை பேரும் படித்துவிட்டார்கள். அத்தனை பேரும் கண்ணைக் கழுவப் போகிறார்கள். தொட்டி மேலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான்.

ஆனால் குழாயில் தண்ணி வந்தால்தானே? தொட்டியைத்தான் காலி பண்ணிவிட்டானே.

“தண்ணி எங்கடா? நாச்சி எங்க போய்த் தொலைஞ்சான்?” என்று சத்தம் போட்டு, படித்த கண்ணைக் கழுவ முடியாமல் பாதியில் நின்றவர்கள், பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, அவனைத் தேடிக்கொண்டு தொட்டிக்கே வந்து சேர்ந்தார்கள்.

“அண்ணா! இங்க இருக்கறேன்! ஏணி! அந்த ஏணிய எடுத்துட்டு வாங்க!”

பொன்னுரங்கம் அண்ணாந்து பார்த்துக் கையைக் காட்டினார். “கத்தாதே கண்ணு. நாங்க உன்ற செய்தியை இன்னும் படிக்கல.”

“அதான் வாயாலயே சொல்றனுங்களே!”

“வாயால சொன்னா அதுல எழுத்துப் பிழை இருக்குதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? எழுத்துல குடு.”

“எப்படி எழுதோணும்னாவது சொல்லுங்கண்ணா! அப்படியே எழுதறேன்!”

கீழே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவாயக்கா போனை வெளிச்சத்தில் சாய்த்து, பாலைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

“எனக்கென்னவோ இது கொஞ்சம் தண்ணியா இருக்குது. கெட்டியா எழுதச் சொல்லுங்க.”

“மைக்ல படிச்சுப் பாத்தனுங்க, எடுப்பா இல்ல,” என்றான் கொழந்தசாமி.

“மொதல்ல ‘பெருமதிப்புக்குரிய’ போடு தம்பி,” என்றார் பொன்னுரங்கம். “கடைசில ‘தங்கள் உண்மையுள்ள’. நடுவுல ஏணி வரலாம், தப்பில்ல.”

நாச்சிமுத்து எழுதினான். தவறு. மாற்றினான். தவறு. தூரத்தில் ரோட்டுத் திருப்பத்தில் ஏதோ கார் வருகிற மாதிரி புழுதி கிளம்பியது. இத்தனை நாள் குழுவைக் கேட்காமல் சுகந்திக்கு ஓர் எழுத்து எழுதினது கிடையாது. போகிற மானம் எப்படியும் போகத்தான் போகிறது என்று முதல்முறையாக அவளுக்கே எழுதினான். கால் எங்கே, கொம்பு எங்கே, புள்ளி எங்கே என்று ஒன்றும் பார்க்கவில்லை. டேங்க், ஏணி, மாட்டிக்கிட்டேன், கோவிச்சுக்காதீங்க. விரல் போன போக்கில் தட்டி அனுப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

போன் உடனே சிணுங்கியது. ‘தெரியுது. வந்துட்டோம். ஓரத்துல நிக்காதீங்க.’

நாச்சிமுத்து அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். படிக்கப் படிக்க வெயில் உறைக்கவில்லை.

கார் தொட்டியின் பின்பக்கம், அடியிலேயே வந்து நின்றது. சுகந்தி இறங்கினாள். பின்னாலேயே அவிநாசியப்பன் இறங்கி, மாப்பிள்ளையை அண்ணாந்து பார்த்தார்.

“என்னம்மா, இவரு எப்பவும் மேலயேதான் இருப்பாராமா?”

“ஏணிய எடுத்துட்டாங்களாம்ப்பா. இருங்க.” அவள் பாவாயக்காவிடம் போனாள். “ஏனுங்க அத்தை, ஏணிய எடுத்து வெச்சா எறங்கிருவாருல்லங்க?”

“எறங்குவான் சாமி. எழுதத்தான் மாட்டேங்கறான்.” பாவாயக்கா விஷயத்தை முழுக்கச் சொன்னார். ரொம்ப வருத்தத்தோடுதான் சொன்னார்.

சுகந்தி, “அந்தப் போனைக் குடுங்க” என்று வாங்கி, குரூப்பில் ஒரே ஒரு தட்டுத் தட்டினாள். சின்னதாக ஓர் ஏணிப் படம். வேறு ஒன்றும் இல்லை.

எல்லார் போனும் ஒரே நேரத்தில் கத்தியது. குழு தலையோடு தலை முட்ட உட்கார்ந்தது. இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார்கள். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்கள். கொழந்தசாமி மைக்கில் படிக்கப் போய், படிக்க ஒன்றும் கிடைக்காமல் மலைத்து நின்றான்.

“ஒரு பிழை இல்லைங்க,” என்றார் பாவாயக்கா. “சொட்டுத் தண்ணி இல்லாத சுத்தமான பால்.”

“என்ற ஆயுசுல இப்படி ஒரு எழுத்தைப் பாத்ததில்ல!” பொன்னுரங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ‘சரி’ போட்டார். ஊரே கை தட்டியது. பொண்ணு படித்த பொண்ணு என்று பேசிக்கொண்டார்கள்.

கை தட்டி முடித்தும் ஏணியை எடுக்க ஒருத்தரும் போகவில்லை. சுகந்தி இரண்டு பக்கமும் பார்த்தாள். “அப்பா, அந்தப் பக்கம் பிடிங்க” என்றாள். அப்பாவும் பொண்ணுமாகப் புளியமரத்தில் இருந்த ஏணியைத் தூக்கி வந்து, தொட்டியின் பின்பக்கம் இரும்பு ஏணிக்குக் கீழே சாத்தினார்கள்.

நாச்சிமுத்து இறங்கினான். உடம்பெல்லாம் பிளீச்சிங் பவுடர். அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

“நான் எழுதினது... ரொம்பப் பிழைங்களா?”

“இருந்துச்சு,” என்றாள். “இத்தனை நாள் அனுப்பினதெல்லாம் பேங்க்ல இருந்து வந்த மாதிரி இருந்துச்சு. இன்னைக்குத்தான் நீங்க எழுதின மாதிரி இருந்துச்சு.”

அவிநாசியப்பன் மகளைத் தனியே இழுத்தார். “யோசிச்சுக்கம்மா. இந்த ஊருக்கா பொண்ணக் குடுக்கறது?”

“ஊருக்கு எங்கப்பா குடுக்கறீங்க? அவருக்குத்தானே.” அவள் காரைத் திறந்து நாச்சிமுத்து பக்கம் திரும்பினாள். “வாங்க, வீட்டுக்குப் போயிப் பேசிக்கலாம். காலைல எதாச்சும் சாப்டீங்களா?”

“இல்லைங்க,” என்று நாச்சிமுத்து அப்போதே சொன்னான்.

அவனையும் ஏற்றிக்கொண்டு கார் கிளம்பிப் போனது. இதெல்லாம் தொட்டியின் பின்பக்கம் நடந்தது. முன்பக்கம் பொன்னுரங்கம் நின்றிருந்தார். ‘சரி’ போட்டவுடன் எழுந்து போய், தொட்டித் தூண் ஓரத்தில் தன் போனை நிமிர்த்தி, திரையில் தெரிந்த ஏணியைத் தூணோடு சாத்திப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான். ஏணி குட்டையாக இருந்தது. இரண்டு விரலை வைத்து இழுத்து இழுத்துப் பெரிசாக்கினார்.

“காலை வை நாச்சி, பயப்படாம வை! நான் பிடிச்சுக்கறேன்!” என்று மேலே பார்த்துக் கத்தினார். பதில் இல்லை. சட்டென்று முகம் மாறிக் கொழந்தசாமி பக்கம் திரும்பினார்.

“டேய், ஓடிப் போய் சார்ஜரைக் கொண்டா. பையன் பாதி எறங்கறப்ப இது அணைஞ்சுதுன்னா யாரு பொறுப்பு?”