அமைச்சர் கொண்டுவந்த தராசு

மருதங்குடி ராஜாவுக்கு நன்றாகச் சாப்பிடத் தெரியும், நன்றாகச் சிரிக்கத் தெரியும். மற்றதையெல்லாம் அமைச்சர்களும் அதிகாரிகளும் பார்த்துக்கொண்டார்கள். நெல்லைப் பார்த்துக்கொண்டவர் அம்பலவாணர். ஏர் பிடித்துத் தொடங்கியவர், அரண்மனை வயல்களுக்கு மேற்பார்வையாளர் ஆனார். கடைசியில் நாட்டுக் களஞ்சியத்தின் சாவி அவர் இடுப்புக்கு வந்து சேர்ந்தது. மழை பொய்த்த காலத்தில்கூட அந்த நாட்டில் ஒரு அடுப்பும் அணையவில்லை. அதை அவரே அடிக்கடி எல்லோருக்கும் ஞாபகப்படுத்துவார். அவரிடம் இருந்த குறை அது ஒன்றுதான்.

அந்தச் சாவியின் மேல் புது அமைச்சர் சேதுராயருக்கு ஒரு கண். மைத்துனனுக்கு ஒரு வேலை வேண்டுமே. ராஜாவிடம் கேட்டும் பார்த்தார். சேதுராயர் பருமனான மனிதர். அவருடைய சந்தேகம் அவரைவிடப் பருமன். மரக்காலால் அளந்தது போதும், இனி எல்லாம் எடைதான் என்று, யானையே ஏறி நிற்கிற மாதிரி ஒரு தராசைக் கொண்டுவந்து களஞ்சிய வாசலில் நாட்டினார். உள்ளே போகிறவர் யாரானாலும் போகும்போது ஒரு எடை, வரும்போது ஒரு எடை. மடியில் நெல் கட்டி வந்தால் பிடிபட வேண்டுமாம்.

தை மாதம் களத்திலிருந்து வந்த நெல்லை எடை போட்டு உள்ளே அடுக்கினார்கள். சித்திரையில் மறுபடி எடை போட்டார்கள். மூட்டைகள் எல்லாம் அப்படியே இருந்தன. எடை மட்டும் குறைந்திருந்தது.

சேதுராயர் நேரே சபைக்குப் போனார். "மகாராஜா, ஐந்து மூட்டை எடைக்கு நெல்லைக் காணோம். திருடனைத் தேட வேண்டாம். சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்று பார்த்தால் போதும்."

ராஜாவின் முகத்தில் அன்று சிரிப்பில்லை. "என்ன சொல்கிறீர், அம்பலவாணரே?"

"நெல் காய்ந்துவிட்டது, மகாராஜா."

"மாட்டிக்கொண்டவர் ஏதாவது சொல்லத்தானே வேண்டும்" என்றார் சேதுராயர்.

"நாளை மாலைக்குள் போன எடை எங்கே என்று காட்டும். இல்லையென்றால் சாவியை வைத்துவிட்டு நாட்டைவிட்டுக் கிளம்பும்" என்றார் ராஜா.

அம்பலவாணர் இடுப்பிலிருந்த சாவியைப் பார்த்தார். இத்தனை வருஷம் ஊருக்குச் சோறு போட்டுவிட்டு, திருடன் என்ற பெயரோடு எல்லை தாண்டுவதா? எல்லாம் அந்தத் தராசால் வந்த வினை. தராசை நினைத்ததும் அவர் முகம் சட்டென்று தெளிந்தது.

"அமைச்சரே உள்ளே வந்து தேடட்டும், மகாராஜா. சுவரில் ஓட்டை இருக்கலாம். என் வீட்டுக்குச் சுரங்கம்கூட இருக்கலாம். தாங்களும் வாசலில் இருந்து பார்க்க வேண்டும்."

சுரங்கம் என்றதும் சேதுராயருக்கு அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் காலையிலேயே மைத்துனனையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"தராசில் ஏறுங்கள், ஐயா" என்றார் அம்பலவாணர்.

"நானுமா?"

"யாரானாலும் என்பது தங்கள் உத்தரவு."

ஏறினார். எடைக்கல் வைத்தார்கள். உள்ளே போனார், கதவு மூடியது. ஈரம் புகாமலிருக்க ஒரு ஜன்னல்கூட இல்லாத கட்டடம் அது. சித்திரை வெயில் கூரையில் காய்ந்தது. சேதுராயர் விடவில்லை. சுவரைத் தட்டினார், மூட்டை மேல் ஏறினார், தரையைக் குத்திப் பார்த்தார். மாலையில் வெளியே வந்து மேல்துண்டைப் பிழிந்தபோது வாசல் நனைந்தது. உடம்பைத் துடைத்துக்கொண்டு தராசில் ஏறினார். காலையில் வைத்த கல் இருந்த தட்டு கீழே போயிற்று.

அம்பலவாணர் தலையில் கை வைத்தார். "மோசம் போனோம், மகாராஜா. காலையில் முழு அமைச்சரை உள்ளே அனுப்பினோம். வந்தவர் குறைகிறார். யாரோ கொஞ்சம் எடுத்துவிட்டார்கள். காவலர்களே, எல்லோர் மடியையும் அவிழ்த்துப் பாருங்கள்."

"யாரும் எடுக்கவில்லை ஐயா" என்று சீறினார் சேதுராயர். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "அந்த அடுப்புக்குள் ஒரு பகல் கிடந்தால் காய்ந்துபோக மாட்டேனா?"

அம்பலவாணர் பணிவாகக் கும்பிட்டார். "நெல் தை மாதத்திலிருந்து கிடக்கிறது, ஐயா."

ராஜா சிரித்த சிரிப்பில் தராசுத் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. தம் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து அம்பலவாணருக்குப் போர்த்தினார். பிறகு திரும்பினார்.

"சேதுராயரே, சாவியை உம் மைத்துனனுக்குக் கேட்டீரே. இங்கேதானே நின்றுகொண்டிருந்தான்?"

வாசல் காவலன் தலையைச் சொறிந்தான். "அமைச்சர் வெளியே வந்த கோலத்தைப் பார்த்ததுமே கிளம்பிட்டாருங்க, மகாராஜா. அவருக்கு வெயில் ஆகாதாம்."